வாங்கில் இருந்தவர்கள்

மெல்பேர்ணில் வாழும் என் பாடசாலைத் தோழர் ஒருவர் அண்மையில் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். கொழும்பிலிருந்து நானும் போய் இரண்டு நாட்கள் அவருடன் தங்கினேன். படியிறங்கும்போது அவர் எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைப்பார். வலது காலை ஊன்றி, இடது காலை மெல்ல இறக்கி, அது நிலைத்துவிட்டதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் மற்றக் காலை எடுப்பார். வயதின் தளர்ச்சி என்றுதான் காண்பவர்கள் நினைப்பார்கள். அது பதினேழு வயதிலேயே வந்த நடை. எங்கள் இருவருக்கும் அது தெரியும். ஏறக்குறைய நாற்பது வருடங்களாக அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்றார். பாடசாலையில் அவரை நாங்கள் நெடுவல் என்று அழைத்தோம். இங்கும் அப்படியே அழைக்கிறேன். பதினேழு வயதில் ஆறு அடி மூன்று அங்குலம். எங்கள் ஊரில் அது ஓர் அதிசயம்.

இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. வெளியில் போக வழியில்லை. நெடுவல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மச்சான், அந்த டியூக் ஆட்டத்த இன்னொருக்காப் பாப்பமா?" என்றார்.

எந்த ஆட்டம் என்று நான் கேட்கவில்லை. 2010 ஏப்ரல் 5ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டியூக் பல்கலைக்கழகமும் பட்லர் பல்கலைக்கழகமும் மோதிய கல்லூரிக் கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டி. எங்களுக்கு அது ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை காலை. இரண்டு நாட்களில் நாடாளுமன்றத் தேர்தல். இரவு முழுவதும் பத்திரிகை அலுவலகத்தில் வேட்பாளர் பட்டியல்களோடு மாரடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் கணினியின் முன்னால் அமர்ந்து, வரிவரியாக ஓடிவரும் புள்ளிக்கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தைக் கண்ணால் கண்டது சில நாட்களின் பின்னர், இணையத்தில். கண்ட அன்றே மெல்பேர்ணுக்குத் தொலைபேசி எடுத்து, "நீ இதைக் கட்டாயம் பார்" என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கூடைப்பந்தாட்டத்தில் பரிச்சயமில்லாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம். அணிக்கு ஐந்து பேர். இருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்கள். மற்ற மூவர் முன்வரிசை. அம்மூவரில் ஆக உயரமானவர், வளையத்தின் அடியிலேயே காவல் நிற்பவர், சென்ரர். எதிரணியின் எறிகையை மறிப்பதும், வளையத்தில் பட்டுத் தெறித்து வரும் பந்தை, அதாவது றீபவுண்டை, இரு கைகளாலும் பறிப்பதும் அவருடைய தொழில். முழங்கைகளும் தோள்களும் இடுப்புகளும் இடிபடும் இடம் அது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் நாற்பது நிமிடங்கள். ஒருவர் ஐந்து பவுல் செய்தால் வெளியே போக வேண்டியதுதான். சென்ரருக்குத்தான் பவுல்கள் சீக்கிரம் சேரும். ஆகவே ஓர் அணியின் முன்வரிசை ஆழமானதா என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்பது இதைத்தான்: அந்த ஒருவர் விழுந்தால், அல்லது இரண்டு பவுல்களோடு முதற் பாதியிலேயே அமர நேர்ந்தால், வாங்கிலிருந்து எழுந்து போக யார் இருக்கிறார்கள்?

டியூக்கிடம் அந்த வருடம் இருந்தார்கள். அதற்கு முன்னர் சில வருடங்கள் அப்படி இருக்கவில்லை. மைக் ஷிஷெவ்ஸ்கி என்ற அவர்களுடைய பயிற்றுநரின் பெயரைத் தமிழில் அச்சுக் கோர்ப்பது எப்போதுமே சிரமம். நான் பார்த்த பத்திரிகைப் பக்கங்களில் அவர் குறைந்தது நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறார். 1991, 1992, 2001 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வென்றவர் அவர். ஆனால் 2005இலிருந்து அவருடைய அணி கடைசிப் பதினாறு அணிகளைத் தாண்டிச் செல்லவில்லை. 2007இல் முதற் சுற்றிலேயே வேர்ஜீனியா கொமன்வெல்த்திடம் தோற்றது. 2009இல் வில்லநோவா 77-54 என்று நசுக்கியது. தூர எறிகை தெரிந்த கெட்டிக்காரர்கள், ஆனால் உள்ளே இடிபட ஆளில்லை என்பதே அக்காலத்தில் டியூக்கைப் பற்றிய பொதுவான பேச்சு.

2009 கோடையில் அந்த நிலைமை தலைகீழாயிற்று, அதுவும் திட்டமிட்டு நடந்ததல்ல. ஜெரல்ட் ஹென்டர்சன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். எலியட் வில்லியம்ஸ் குடும்பக் காரணத்தால் மெம்பிஸுக்கு மாறிச் சென்றார். பந்தைக் கொண்டு வருவதற்கு நம்பிக்கையான கைகள் இரண்டே இரண்டுதான் மிஞ்சின: ஜோன் ஷையர், நோலன் ஸ்மித். பின்வரிசை மெலிந்துபோனதால், ஆறு அடி எட்டு அங்குலமான கைல் சிங்லரை வெளிப்புறம் ஆடச் சொன்னார்கள். உள்ளே அவர் விட்ட இடத்தை நிரப்ப லான்ஸ் தோமஸ், மைல்ஸ் பிளம்லி, அவருடைய தம்பி மேசன் பிளம்லி, றையன் கெலி என்று வரிசையாக நெடியவர்கள். பிளம்லி சகோதரர்களும் கெலியும் ஆளுக்கு ஆறு அடி பத்து அங்குலம். இல்லாமை ஒரு பக்கம், மிகுதி மறுபக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பயிற்றுநர் மெதுவாக ஆடும், முரட்டுத்தனமாகக் காக்கும், தவறிய பந்தை மறுபடியும் மறுபடியும் பறிக்கும் ஓர் அணியைக் கட்டினார். அழகான அணி என்று எவரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அந்த நெடியவர்களிலும் நெடியவர் பிறயன் சூபெக். ஏழு அடி ஒரு அங்குலம். நியூ ஜேர்சியின் ஹடன்ஃபீல்ட் என்ற சிறு நகரத்துப் பிள்ளை. 2006இல் பெரிய எதிர்பார்ப்புகளோடு டியூக்குக்கு வந்தவர். அடுத்த இரண்டு வருடங்களுக்குள் அவருடைய இடது பாதம் இரண்டு தடவை முறிந்தது. உயரமும் பாரமும் கூடிய ஆட்டக்காரர்களுக்குப் பாத எலும்பு முறிவதென்பது சாதாரண முறிவல்ல. ஏழு அடி ஆறு அங்குலமான சீனத்து யாவோ மிங்கின் ஆட்டத்தை 2011இல் முடித்து வைத்ததும் இடது பாதம்தான். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முழு உடலின் பாரமும் விரலளவு தடிப்பான எலும்புகளில் வந்து விழுகிறது. பாதத்தின் வெளிப்புற எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்த ஒரு பகுதி உண்டு. அங்கே முறிந்தால் பொருந்துவதும் தாமதம், பொருந்தியது மறுபடி பிளப்பதும் சுலபம். படத்தில் பொருந்திவிட்டதாகத் தெரியும். ஆட்டக்காரருக்கு வலி இருக்காது. இறங்கி ஆடினால் மீண்டும் முறியும்.

சூபெக்குக்கு அதன் பிறகு டியூக் கொடுத்தது காலம். தயவுள்ளத்தால் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு கோடிக்கணக்கான டொலர் புழங்கும் வியாபாரம். அங்கே தயவுக்கு இடம் குறைவு. அவரை அவசரப்படுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். வேறு ஆட்கள் இருந்தார்கள். நான்காம் வருடத்தின் பெரும் பகுதியில் அவர் வாங்கிலிருந்து எழுந்து, சில நிமிடங்கள் இடிபட்டு, பவுல்கள் சேர்ந்ததும் மறுபடி வந்து அமர்பவராகவே இருந்தார். அந்த நான்காம் வருடத்தில் தாடியும் வளர்த்துக்கொண்டார். பார்க்க ஏதோ பழைய வேதாகமச் சித்திரத்தில் வருபவர்போல் இருப்பார்.

2010 பெப்ரவரி 13. பயிற்றுநரின் 63ஆவது பிறந்தநாள். மேரிலாண்ட் அணிக்கெதிரான ஆட்டத்தில் சூபெக்கை ஆரம்ப ஐவரில் இறக்கினார்கள். 16 புள்ளிகள், 17 றீபவுண்டுகள். டியூக் 77-56 என்று வென்றது. அதன் பின்னர் பருவம் முடியும்வரை அவர்தான் சென்ரர். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: அந்தப் பருவம் முழுவதற்கும் அவர் ஆடியது சராசரியாக ஓர் ஆட்டத்தில் 19 நிமிடங்களுக்கும் சற்றுக் குறைவு. நாற்பது நிமிடத்தில் பாதிகூட இல்லை. அதற்குள் 7.7 றீபவுண்டுகள். எஞ்சிய நிமிடங்களைத் தோமஸும் பிளம்லி சகோதரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். மூன்று பேருக்குத் தலா ஐந்தாகப் பதினைந்து பவுல்கள் கையிருப்பில் இருந்தால், வளையத்தடியில் ஒருவர் பயமில்லாமல் நிற்கலாம்.

இந்தப் பகிர்வு இல்லாத அணிகளுக்கு அதே மாதத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் அந்த வருடம் முதற்தர வரிசையில் இருந்தது. அதன் சென்ரர் அரின்ஸே ஒனுவாக்கு மார்ச் 11ஆம் திகதி ஜோர்ஜ்ரவுனுக்கெதிரான ஆட்டத்தில் தொடைத் தசை காயப்பட்டு விழுந்தார். ஒவ்வொரு சுற்றின் முன்னரும் அவர் வருவாரா மாட்டாரா என்பதே கேள்வியாக இருந்தது. வரவில்லை. இரண்டு சுற்றுகளை அவரின்றியே தாண்டிய சிரக்கியூஸ், மூன்றாவதில் 63-59 என்று வீழ்ந்தது. வீழ்த்தியது யார்? இறுதியில் டியூக்கைச் சந்தித்த அதே பட்லர்.

பட்லரின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. சிறிய பல்கலைக்கழகம், 33 வயதான பிறட் ஸ்டீவன்ஸ் பயிற்றுநர், இறுதிப் போட்டி நடந்த அரங்கிலிருந்து சில மைல் தூரத்தில்தான் அவர்களுடைய சொந்த மைதானம். அவர்களுடைய சென்ரர் மட் ஹவர்ட் அரையிறுதியில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளானார். ஆட்டம் சனிக்கிழமை, இறுதிப் போட்டி திங்கட்கிழமை. இடையில் ஒரேயொரு நாள். திங்கட்கிழமை மருத்துவர்கள் அனுமதித்தார்கள், ஹவர்ட் ஆடினார். அவரைவிட்டால் அந்த இடத்துக்கு நிகரான இன்னொருவர் பட்லரிடம் இருக்கவில்லை.

இந்த இடத்தில் நெடுவல் படத்தை நிறுத்திவிட்டு, "ரெண்டு நாள்ல விட்டுட்டானுகளா?" என்றார். பிறகு தானே மறுபடி ஓடவிட்டார்.

மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தாட்டத்தோடு என்ன சம்பந்தம் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மறைமாநிலத்து இயேசு சபைத் துறவிகள் எங்கள் கரைக்குக் கல்வி கற்பிக்க வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஆட்டத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். துடுப்பாட்டத்தை வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்ததுபோல, கூடைப்பந்தை இவர்கள். லூசியானாவைச் சேர்ந்த யூஜின் ஹேபியர் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைப் பயிற்றினார். நான் படித்தது வேறு பாடசாலை. எதிரணியின் வாங்கோரத்தில் நிற்கும் அந்த நெடிய வெள்ளைக்காரரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அவரும், அவருடன் வந்த இளைஞரும் வீடு வந்து சேரவில்லை. இன்றுவரை தடயமில்லை. அதைப்பற்றி நான் வேறிடங்களில் எழுதியிருக்கிறேன், இங்கு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் பாடசாலை அணியில் நெடுவலுக்கு அடுத்த உயரம் நான். ஐந்து அடி பதினொரு அங்குலம். அந்த ஒரே தகுதியால் மாற்றுச் சென்ரர். நான் ஆடியதைவிட வாங்கில் இருந்ததுதான் அதிகம். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. றீபவுண்டுக்குக் குதிக்கையில் முகத்துக்கு நேரே வரும் முழங்கைகளைக் கண்டு எனக்குப் பயம். பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

1986இல் மாவட்டப் போட்டியின் இறுதியாட்டத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் பயிற்சியில் நெடுவலின் இடது கணுக்கால் சுழுக்கியது. சுழுக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். படம் பிடித்துப் பார்க்கும் வசதியெல்லாம் எண்ணத்திலேயே இல்லை. நோவெண்ணெய் பூசிப் பத்துப் போட்டுக் கட்டினார்கள். வீக்கம் வடிந்தது. நொண்டாமல் நடந்தார். ஆனாலும் எங்கள் பயிற்றுநர் மாஸ்டர் அவரை ஆட்டத்துக்கு எடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார். "நீ ஆடுறாய்" என்று என்னிடம் சொன்னார்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுவலின் வீட்டுக்குப் போனேன். போனதற்கு நான் வெளியில் சொன்ன காரணம் சுகம் விசாரிப்பது. உள்ளே போய் அமர்ந்து அரைமணி நேரம் நான் கதைத்தது வேறு. நீ இல்லாவிட்டால் தோல்விதான் என்றேன். பாடசாலையின் மானம் என்றேன். ஒரு பாதி ஆடினால் போதும் என்றேன். அவருடைய தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்டார்: "ஏன் மனே, உங்கட கூட்டத்தில வேற ஒருத்தரும் இல்லையா?"

நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் நெடுவல் மாஸ்டரிடம் போய்த் தன் கால் குணமாகிவிட்டது என்றார். குதித்தும் காட்டினார்.

ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், முடிய ஐந்து நிமிடம்போல் இருக்கையில், ஒரு றீபவுண்டைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். பந்து கையில் இருந்தது. கால் மட்டும் வேறு திசையில் மடிந்தது. வாங்கில் இருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. சீமெந்துத் தரை. நால்வராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நான் எழுந்து உள்ளே போனேன்.

இதன் பிறகு நடந்ததைத்தான் நான் எவரிடமும் சொன்னதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் நான் நான்கு றீபவுண்டுகள் எடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் குதித்தேன். முழங்கை ஒன்று பட்டு உதடு வெடித்தது. வலி இரவில்தான் தெரிந்தது. மூன்று புள்ளிகளால் வென்றோம். தோற்றிருந்தால், அவர் ஆடித்தான் ஆகவேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். வென்றதால் அந்த வழியும் அடைபட்டது. ஐந்து நிமிடம் நின்றவன் நாற்பது நிமிடமும் நின்றிருப்பான். தடுமாறியிருப்பான், ஆனால் நின்றிருப்பான்.

நெடுவல் அதன் பின் ஆடவில்லை. கணுக்கால் கோணலாகப் பொருந்தியது. சில வருடங்களில் அவர் வெளிநாடு போனார். நான் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம் முடிந்ததும் கலைப் பட்டத்துக்குப் படித்து, பத்திரிகைக்கு வந்தேன். அலுவலகத்திலும் ஆளணி என்று ஒன்று உண்டு. போர்க்காலத்தில் காய்ச்சலோடு வந்து பக்கம் கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களைப் பாராட்டிப் பேசும் கூட்டங்களில் நான் அதிகம் கைதட்டியதில்லை. அடுத்த கதிரையில் இருந்தவன் அன்று என்ன செய்துகொண்டிருந்தான் என்றுதான் எனக்கு மனம் போகும்.

ஆகவேதான் 2010இல் டியூக்கின் ஆட்டத்தைப் பார்க்கையில் என் கண் பந்தின் பின்னால் போகாமல் வாங்கை நோக்கிப் போனது. சூபெக் களைத்தவுடன் பிளம்லி ஒருவர் மேலங்கியைக் கழற்றிக்கொண்டு எழுகிறார். அவர் முகத்தில் தயக்கமில்லை. அரையிறுதியில் வெஸ்ட் வேர்ஜீனியாவை 78-57 என்று வென்றபோதும் அப்படித்தான். அந்த ஆட்டத்தில் எதிரணியின் டஷான் பட்லர் முழங்கால் கிழிந்து தரையில் கிடந்தார். அவருடைய பயிற்றுநர் பொப் ஹகின்ஸ் தரையிலே மண்டியிட்டு, முகத்தோடு முகம் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகைப் படமாக அது உலகமெங்கும் போனது. அந்தக் காட்சியை நெடுவலுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. அது வேறு ஆட்டம் என்பது நல்லதாயிற்று.

இறுதியாட்டத்துக்கு வருகிறேன். 70,930 பேர் அரங்கில். டியூக் 60, பட்லர் 59. தலையில் அடிபட்ட ஹவர்ட்தான் உள்ளே புகுந்து அடுத்தடுத்து இரண்டு கூடைகள் போட்டு வித்தியாசத்தை ஒன்றாகக் குறைத்திருந்தார். பத்து விநாடிகளுக்கும் குறைவு இருக்கையில் கோர்டன் ஹேவார்ட் வலப்பக்க எல்லைக்கோட்டோரம் எழுந்து, பின்னால் சாய்ந்து எறிகிறார். அவருக்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நிற்பது ஏழு அடி ஒரு அங்குலம். பந்து சற்று நீளமாகப் போய் வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. அதைப் பறிப்பதும் அதே கைகள். பத்தாவது றீபவுண்ட். இரண்டு முறை முறிந்த பாதத்தில் இறங்கி நிற்கிறார்.

நெடுவல் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

உடனே பவுல். 3.6 விநாடிகள் மீதம். சூபெக்குக்கு இரண்டு பிறீ துறோ. முதலாவது உள்ளே: 61-59. இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிடும்படி பயிற்றுநர் சொல்கிறார். பட்லரிடம் இடைநிறுத்தம் கேட்கும் உரிமை எதுவும் மிச்சமில்லை. தவறிய பந்தைத் தொட்ட கணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். திட்டமிட நேரமிராது என்பது கணக்கு. தவறவிடுகிறார். ஹேவார்ட் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். மைதானத்தின் நடுவில் ஹவர்ட் குறுக்கே நின்று சிங்லரை இடித்து வீழ்த்தி வழி விடுகிறார். நடுக்கோட்டருகில் இருந்து ஹேவார்ட் வீசிய பந்து பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் பட்டு, வெளியே விழுகிறது. சில அங்குலம். உள்ளே விழுந்திருந்தால் மூன்று புள்ளி, பட்லரின் கிண்ணம், சூபெக் வேண்டுமென்று தவறவிட்ட அந்த ஓர் எறிகையை அமெரிக்கா இன்றுவரை பேசிக்கொண்டிருக்கும்.

சூபெக் அதன் பின்னர் நியூ ஜேர்சி நெற்ஸ் அணியில் ஒப்பந்தமானார். முதுகு கைவிட்டது. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே திரும்பி வந்து, சொந்த ஊரில் கிறீம் பஃப் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். ஷையர் 2022இல் ஷிஷெவ்ஸ்கி ஓய்வு பெற்றதும் டியூக்கின் பயிற்றுநரானார். கடையையும் பதவியையும் நெடுவலுக்குச் சொன்னேன். கடைதான் அவருக்குப் பிடித்தது.

மழை விடவில்லை. கணினியை மூடியதும் அறை இருண்டது. அந்த இருட்டில் நான் சொன்னேன். அன்று உன் வீட்டுக்கு வந்தது சுகம் விசாரிக்க அல்ல என்று. நான் ஆடப் பயந்துதான் உன்னை ஆடச் சொன்னேன் என்று. எழுதிப் பழகியவனுக்கு வாயால் சொல்ல வரவில்லை. இரண்டு மூன்று இடங்களில் தடக்கினேன்.

நெடுவல் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ கண்ண மூடிக்கிட்டுக் குதிக்கிறது மாஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும் மச்சான்" என்றார். "நீ வராட்டியும் நான் ஆடித்தான் இருப்பன். பத்து நாளா வீட்டுக்குள்ள இருந்து எனக்கு விசர் புடிச்சிருந்த. அம்மா ஒருத்திதான் வேணாமெண்டவ."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. தாயார் 2004 ஆழிப்பேரலைக்கு அடுத்த வருடம் காலமாகிவிட்டார். கேட்பதற்கு ஆளில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி கணினியைத் திறந்தார். கடைசி 3.6 விநாடிகளை மட்டும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"அவன் சொன்னானெண்டு இவன் விட்டிருக்கக் கூடாது" என்றார். "நானெண்டா ரெண்டையும் போட்டிருப்பன்."

போட்டிருந்தால் 62-59, கடைசி எறிகை விழுந்தாலும் சமநிலைதான் என்று நான் சொல்லப் போக, எங்கள் விவாதம் நள்ளிரவு தாண்டியும் நீண்டது. காலையில் படியிறங்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு, இடது காலை முதலில் வைத்தார்.